மண்ணீரலை எடுப்பதா, மருந்தோடு இருப்பதா?

காலபோக விதைப்பு முடிந்த கையோடு ஒரு கணவனும் மனைவியும் எமது பங்குமனைக்கு வந்தனர். பலமுறை இடம்பெயர்ந்து, இப்போது பிறருடைய காணியில் குத்தகைக்கு நெல்லும் உழுந்தும் விதைத்து வாழும் குடும்பம். மனைவிக்கு 34 வயது. கையில் கிளினிக் கொப்பி இருந்தது.

“பாதர், மண்ணீரலை எடுத்தால் நல்லது எண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். எடுத்தால் இவ திரும்ப வயலுக்கு இறங்கேலுமோ? எடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்தோ?” என்று கணவர் கேட்டார்.

“குளிசையோடையே இருந்திடலாம் எண்டால் அதையும் சொல்லுங்கோ பாதர். பிள்ளையள் சின்னன்” என்றார் மனைவி.

அவருக்குப் 14 மாதங்களாகக் கால்களில் சிவந்த புள்ளிகள், முரசிலிருந்து இரத்தக் கசிவு, மாதவிடாய்க் காலத்தில் அளவுக்கு மிஞ்சிய குருதிப்போக்கு. மூன்று தடவை மருந்து கொடுக்கப்பட்டது. கொடுக்கும்போது நிலைமை சீராகி, குறைக்கும்போது மீண்டும் பழையபடி ஆகிவிடுகிறது.

நாம் வைத்தியரல்லர். எடுக்கச் சொல்லவோ வேண்டாமென்று சொல்லவோ எமக்கு உரிமையில்லை. ஆனால் வைத்தியர் முன்வைத்த இரண்டு வழிகளையும் விளங்கிக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கேட்டு, தம் வாழ்க்கைக்கு ஏற்ற முடிவை எடுக்க ஒரு குடும்பத்துக்குத் துணைநிற்பது எமது பணியே. அந்தக் குடும்பத்தோடு நாம் பேசியவற்றை, இதே நிலையிலுள்ள ஏனையோருக்கும் பயன்படும் என்பதால், இங்கு எழுதுகிறோம்.

குருதிச் சிறுதட்டுகள்

எமது குருதியில் செங்கலங்களும் வெண்கலங்களும் இருப்பதோடு, மிகச் சிறிய தட்டுப் போன்ற துணிக்கைகளும் உள்ளன. இவையே குருதிச் சிறுதட்டுகள். டெங்குக் காய்ச்சல் காலத்தில் வைத்தியசாலையில் நாம் ‘பிளேட்லெட்’ என்று கேள்விப்படுவதும் இவற்றையே. காயம் பட்டால் இவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி, உடைந்த வரம்பை மண்வைத்து அடைப்பதுபோல் அடைத்துவிடுகின்றன. சுகதேகி ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 150,000 முதல் 400,000 வரை இவை இருக்கும். எலும்பு மச்சையில் உற்பத்தியாகி, 8 முதல் 10 நாட்கள் வரை குருதியில் சுற்றித் திரிந்தபின் அழிகின்றன.

சிலருடைய உடலில், கிருமிகளை எதிர்க்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகச் சிறுதட்டுகளை எதிரியென்று கருதிவிடுகிறது. மாடுகளுக்குக் குறி சுடுவதுபோல, பிறபொருளெதிரி என்னும் பொருள் அவற்றில் ஒட்டி அடையாளமிடுகிறது. அடையாளமிடப்பட்டவை சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் அழிக்கப்படுகின்றன. மச்சையில் நடைபெறும் உற்பத்தியும் பாதிக்கப்படுகிறது. இந்நோயை வைத்தியர்கள் சுருக்கமாக ஐ.ரி.பி. என்று கொப்பியில் எழுதுவர். இது தொற்றுநோயன்று, புற்றுநோயுமன்று. சாபத்தாலோ சூனியத்தாலோ வருவதுமன்று.

“சிறுதட்டை ஏற்றினால் என்ன?” என்று பலரும் கேட்பதுண்டு. ஏற்றப்படும் சிறுதட்டுகளும் அதேபோல் அடையாளமிடப்பட்டு விரைவில் அழிந்துவிடும். ஆகவே உயிராபத்தான குருதிப்போக்கின்போது மட்டுமே அதனாற் பயனுண்டு.

மண்ணீரலின் பங்கு

இடப்புற விலா எலும்புகளின் கீழ், ஏறத்தாழ 150 கிராம் நிறையுடன் அமைந்திருப்பது மண்ணீரல். எமது முதியோர் இதனை மலேரியாக் காலத்தில் நன்கு அறிந்திருந்தனர். திரும்பத் திரும்ப மலேரியா வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கி வயிற்றில் கட்டிபோல் தென்படும். (இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.) ஐ.ரி.பி. நோயில் மண்ணீரல் வழமையாக வீங்குவதில்லை. வீங்கியிருந்தால் வேறு நோய் உண்டா என்று தேடவேண்டும்.

மண்ணீரலுக்கு இரண்டு முக்கிய வேலைகள் உண்டு. பழுதடைந்த குருதிக் கலங்களை வடித்தெடுப்பது ஒன்று. குருதியில் புகுந்த பற்றீரியாக்களைப் பிடித்து அழிப்பது மற்றையது. ஐ.ரி.பி. நோயில் குறியிடப்பட்ட சிறுதட்டுகளைப் பெருமளவில் பிடித்து அழிப்பது இந்த உறுப்பே. ஆகவே இதனை அகற்றினால் சிறுதட்டுகள் கூடும் என்ற எண்ணம் எழுந்தது. 1916இல் பிராக் நகரில் மருத்துவ மாணவரான கஸ்னெல்சன் என்பவர் இந்த யோசனையை முன்வைக்க, சத்திரசிகிச்சை நிபுணர் ஷ்லோபர் ஒரு பெண்ணின் மண்ணீரலை அகற்றினார். அப்பெண்ணின் சிறுதட்டுகள் வெகுவாக அதிகரித்தன.

நோய்க்குக் காரணம் குருதியிலேயே உள்ளது என்பது 1950இல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஹரிங்டன் என்ற வைத்தியர், நோயாளி ஒருவரின் குருதியைத் தமக்கே ஏற்றிக்கொண்டார். சில மணித்தியாலங்களில் அவருடைய சிறுதட்டுகள் அடியோடு குறைந்தன. சில நாட்களின் பின்னர் மீண்டும் சீராகின. நோயாளியின் குருதியில் சிறுதட்டை அழிக்கும் பொருள் ஒன்று உண்டென்பதை அவர் தம்முடலைக்கொண்டே காட்டினார்.

ஆக, மண்ணீரல் இந்நோயின் காரணமன்று. அழிவு நடைபெறும் பிரதான இடம் மட்டுமே. அதனை எடுப்பதால் எல்லோரும் குணமடையாததற்கு இதுவே காரணம்.

இலக்கத்துக்கு அல்ல, ஆளுக்கே வைத்தியம்

கிளினிக் கொப்பியில் எழுதப்படும் இலக்கத்தையே பார்த்துப் பயந்து வாழும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். சிறுதட்டுகள் 30,000க்கு மேலிருந்து, குருதிப்போக்கும் இல்லையெனில், பெரும்பாலான வளர்ந்தோருக்கு மருந்தின்றி அவதானித்திருப்பதே போதுமானது. இலக்கத்தை 150,000க்கு உயர்த்துவது நோக்கமன்று. ஆபத்தான குருதிப்போக்கு ஏற்படாமல், தன் வேலையைச் செய்து வாழக்கூடிய நிலையே நோக்கம்.

சிறுவர்களின் நிலை வேறு. சாதாரண வைரசுக் காய்ச்சல் ஒன்றின் பின் அவர்களுக்கு இந்நோய் திடீரெனத் தோன்றுவதுண்டு. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 80 பேர் ஓராண்டுக்குள் தாமாகவே குணமடைவர். ஆகையால் சிறுவரின் மண்ணீரலை அகற்ற அவசரப்படுவதில்லை. ஐந்து வயதுக்குக் கீழ் அதனை இயன்றவரை தவிர்ப்பர்.

வளர்ந்தோரிலும் ஒரு பகுதியினர் முதலாம் ஆண்டில் தாமாகவோ மருந்தாலோ சீரடைகின்றனர். எனவே நோய் கண்டு குறைந்தது ஓராண்டு சென்றபின்னரே சத்திரசிகிச்சையைப்பற்றி எண்ணுவது நல்லது என்பது வைத்தியர்களின் இன்றைய கருத்து. அமெரிக்கக் குருதியியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையே கூறுகிறது.

முதலில், நோய் இதுதானா?

எடுத்த மண்ணீரலைத் திரும்ப வைக்க முடியாது. ஆகையால் கத்தி வைப்பதற்குமுன் நோயை மறுபடியும் உறுதிசெய்வது அவசியம். சிலருடைய குருதியில், சோதனைப் போத்தலிலுள்ள மருந்துபட்டுச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றைக் குறைவாக எண்ணிவிடும். குருதியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உண்மை தெரியும்.

டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவற்றிலும் சிறுதட்டுகள் குறையும். அவை காய்ச்சலோடு வந்து சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்வன. ஈரல் நோய், செங்கண்மாரி வைரசுகள், எச்.ஐ.வி., இரைப்பையில் தங்கும் ஒருவகைப் பற்றீரியா, சில மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம். இவற்றுக்குத் தனித்தனி வைத்தியம் உண்டு.

இன்னுமொன்று. எம்மிடையே மச்சான் மச்சாள் திருமணம் வழக்கிலுள்ளது. நெருங்கிய உறவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே சிறுதட்டுக் குறைபாடு வரக்கூடிய அரிய பரம்பரை நோய்கள் உண்டு. இவற்றை ஐ.ரி.பி. என்று தவறாக எண்ணி மண்ணீரலை அகற்றினால் பயன் கிட்டாது. குடும்பத்தில் வேறெவருக்கும் சிறுவயது முதல் இரத்தக் கசிவு இருந்ததா, பெற்றோர் உறவினரா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

மருந்து வழி

முதல் மருந்து வழமையாகப் பிரெட்னிசொலோன் குளிசை. நூறு பேரில் 60 முதல் 80 பேருக்கு இதனால் சிறுதட்டுகள் உயரும். ஆனால் குளிசையை நிறுத்தியபின்னும் நன்றாயிருப்பவர்கள் சிறுபகுதியினரே. நீண்டகாலம் பாவித்தால் சலரோகம், உயர் குருதியமுக்கம், முகவீக்கம், எலும்புத் தேய்வு, நித்திரையின்மை, கிருமித் தொற்று ஆகியன வரலாம். அதனால் இதனைச் சில வாரங்களுக்குள் குறைத்து நிறுத்தவே வைத்தியர் முயல்வார். முன்பு காசநோய் இருந்திருந்தால் அதனைக் கட்டாயம் சொல்லவேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடப்போரின் உடலில் ஒருவகைப் புழு பல்லாண்டுகள் மறைந்திருந்து, இக்குளிசையின்போது பெருகி ஆபத்தாகலாம். ஆகவே நீங்கள் வயல்வேலை செய்பவர் என்பதையும் சொல்லுங்கள். நீண்டகாலம் எடுத்த குளிசையை நீங்களாகத் திடீரென நிறுத்தவேண்டாம்.

இமியூனோகுளோபியூலின் என்னும் மருந்து நாளத்தினூடாக ஏற்றப்படும். ஓரிரு நாட்களிலேயே சிறுதட்டுகள் உயரும். ஆனால் சில வாரங்களே நிலைக்கும், விலையும் அதிகம். கடும் குருதிப்போக்கு, சத்திரசிகிச்சை, பிரசவம் போன்ற வேளைகளுக்கே இது பெரிதும் உகந்தது.

ரிட்டுக்சிமாப் என்பது வழமையாக வாரம் ஒன்றாக நான்கு தடவைகள் ஏற்றப்படும். ஏறத்தாழ 60 வீதமானோர் முதலில் பயன்பெறுவர். ஐந்தாண்டு சென்றபின்னும் அப்பயன் நிலைப்பது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே. செங்கண்மாரி ‘பி’ வைரசு உண்டா என்று முதலில் சோதிக்கவேண்டும். இம்மருந்தின் பின் குறைந்தது ஆறு மாதங்களுக்குத் தடுப்பூசிகள் நன்கு பிடிப்பதில்லை. எனவே பிற்பாடு மண்ணீரலை எடுக்க நேரலாம் என்றால், அதற்குரிய தடுப்பூசிகளை ரிட்டுக்சிமாப் ஏற்றுவதற்கு முன்னரே போடலாமா என்று கேளுங்கள்.

மச்சையைத் தூண்டிச் சிறுதட்டு உற்பத்தியைப் பெருக்கும் புதிய மருந்துகள் 2008 முதல் பாவனைக்கு வந்துள்ளன. எல்ட்ரொம்போபாக் என்பது தினமும் விழுங்கும் குளிசை. ரோமிப்ளோஸ்டிம் என்பது வாரமொருமுறை போடும் ஊசி. பெரும்பாலானோருக்கு, அதாவது 60 வீதத்துக்கு மேற்பட்டோருக்கு, இவை வேலைசெய்கின்றன. ஆனால் பெரும்பாலும் தொடர்ந்து எடுக்கவேண்டும். திடீரென நின்றுபோனால் சிறுதட்டுகள் முன்பைவிடக் குறையவும் கூடும். குருதி உறையும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. எல்ட்ரொம்போபாக் குளிசையைப் பால், தயிர், இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவு மருந்துகள் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் உடலில் சேராது. இவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னரோ நான்கு மணித்தியாலம் பின்னரோ எடுக்கவேண்டும். இதனை அறியாமல் பால்தேநீரோடு விழுங்கிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்போருண்டு.

அசதயோபிரின், டப்சோன் போன்ற விலை குறைந்த பழைய குளிசைகளும் சிலருக்கு உதவும். அசதயோபிரின் வேலைசெய்யச் சில மாதங்கள் செல்லும். பப்பாசி இலைச் சாற்றை டெங்குக்குக் குடிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. ஐ.ரி.பி. நோய்க்கு அது வைத்தியமாகாது. அதனை நம்பி மருந்தை நிறுத்துவது தவறு.

சத்திரசிகிச்சை வழி

மண்ணீரலை அகற்றிய நூறு பேரில் 80 பேருக்கு மேல், வழமையாகச் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் சிறுதட்டுகள் உயர்கின்றன. ஏறத்தாழ 60 பேருக்கு அது பல ஆண்டுகள், மருந்தேதுமின்றி நிலைக்கிறது. இவ்வளவு நீடித்த பயன் வேறெந்தத் தனி வைத்தியத்திலும் இன்றுவரை கிட்டவில்லை. ஆனாலும் யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லத்தக்க எளிய சோதனை இல்லை. இளவயதினருக்குப் பயன் கூடுதலாகக் காணப்படுகிறது.

சிறுதுளைகளினூடாகச் செய்யும் முறையில் காயம் சிறிதாகவும் ஆபத்துக் குறைவாகவும் இருக்கும். அதில் இறப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ இருவர். வயிற்றைத் திறந்து செய்யும்போது நூற்றில் ஏறத்தாழ ஒருவர். இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, வயிற்று நாளங்களில் குருதி உறைதல் போன்ற இடர்களும் நேரலாம். வீடு திரும்பியபின் கடும் வயிற்றுவலி வந்தால் உடனே காட்டவேண்டும். நாலு முதல் ஆறு வாரம்வரை நெல்மூடை, தண்ணீர்க்குடம் போன்ற பாரங்களைத் தூக்கலாகாது. அதன்பின் வயல்வேலை செய்யத் தடையில்லை.

காய்ச்சல் என்னும் எச்சரிக்கை

மண்ணீரல் இல்லாதவருக்குச் சிலவகைப் பற்றீரியாக்கள் குருதியில் புகுந்தால் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் உயிரிழப்பு நேரலாம். இது அடிக்கடி நிகழ்வதன்று. ஆனால் நிகழ்ந்தால் ஏறத்தாழ பாதிப்பேர் வரை இறக்கின்றனர். இந்த ஆபத்துச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் கூடுதலாயினும் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

எமது வழக்கம் என்ன? காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுப்போம். முதல்நாள் மழை நனைந்ததால் வந்ததென்போம். மூன்றாம் நாளும் விடாவிட்டால் டெங்கோ என்று இரத்தம் சோதிப்போம். மண்ணீரல் இல்லாதவருக்கு இந்த மூன்று நாள் காத்திருப்பே மரணமாகலாம். அவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தால், இரவானாலும் மழையானாலும், அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும். “எனக்கு மண்ணீரல் இல்லை” என்பதை வாசலிலேயே சொல்லவேண்டும். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.

இந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகள் இவை.

1. நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு, ஹிப் ஆகிய மூன்று பற்றீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகளைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னரே போட்டுக்கொள்ளல். சிலவற்றைக் குறித்த காலத்தின்பின் மீண்டும் போடவேண்டும். இன்புளுவென்சா ஊசியை ஆண்டுதோறும் போடல்.

2. வைத்தியர் குறிப்பிடும் காலம்வரை பெனிசிலின் குளிசையை ஒழுங்காக எடுத்தல்.

3. அவசரத்துக்கான நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை வைத்தியரிடம் கேட்டு வீட்டில் வைத்திருத்தல். காய்ச்சல் கண்டவுடன் முதல் வேளையை விழுங்கிவிட்டுப் புறப்படல். அது வைத்தியசாலைக்குப் பதிலாகாது.

4. நாய், பூனை கடித்தால், நீர்வெறுப்பு ஊசியோடு நின்றுவிடாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பெறல். அவற்றின் வாயிலுள்ள ஒரு பற்றீரியா மண்ணீரல் இல்லாதவருக்கு மிகக் கொடியது.

5. மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வதாயின் முன்கூட்டியே தடுப்பு மருந்து கேட்டுப் பெறல். இந்தியாவுக்கு உறவினரிடம் போய்வரும் குடும்பங்கள் இதனை மறக்கலாகாது.

6. மண்ணீரல் அகற்றப்பட்டதென எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருத்தல். தடுப்பூசிகள் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல்.

இரண்டும் சுமையே. எதைச் சுமக்க முடியும்?

எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்தச் சுமையை இக்குடும்பத்தால் ஆண்டுக்கணக்காகச் சுமக்க முடியும் என்பதே சரியான கேள்வி. மருந்து வழியின் சுமை, தவறாத கிளினிக்கும் தவறாத மருந்தும். சத்திரசிகிச்சை வழியின் சுமை, ஒருமுறை உடலைக் கத்திக்குக் கொடுப்பதும், பின்னர் வாழ்நாள் முழுவதும் காய்ச்சலுக்கு விழித்திருப்பதும்.

இடம்பெயர்ந்த வாழ்வில் இவ்விரண்டும் கனத்துவிடுகின்றன. 2009இல் யுத்தத்தின் இறுதி மாதங்களில் கிளினிக் கொப்பிகளையும் மருந்துகளையும் இழந்து, தமக்கு என்ன நோயென்று சொல்லவும் சான்றில்லாமல் நின்ற பலரை நாம் அறிவோம். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தினமும் தேவையான மருந்து திடீரென நின்றுபோகலாம் என்பது எமக்கு வெறும் கற்பனையன்று. இப்படிப் பார்த்தால் சத்திரசிகிச்சையே மேல் என்று தோன்றும். மறுபக்கத்தையும் பாருங்கள். வெள்ளத்தில் பாதை மூடப்படும் ஊரில், இரவில் வாகனம் கிடையாத குடியிருப்பில், தனியே வாழும் முதியவர் ஒருவர் காய்ச்சல் கண்ட மணித்தியாலமே எப்படி வைத்தியசாலைக்குப் போவார்? அவருக்கு மருந்து வழியே பாதுகாப்பாகலாம்.

அந்தக் கணவன் மனைவியோடு இருந்து ஒரு தாளில் கணக்கிட்டோம். குருதியியல் கிளினிக்குக்கு மாதமொருமுறை போய்வர ஒரு நாட்கூலி இழப்பு, இரண்டு பஸ் கட்டணம். இரண்டுமுறை தவறவிட்டிருக்கிறார்கள், ஒன்று அறுவடைக்காக, மற்றது பிள்ளையின் சுகயீனத்துக்காக. காய்ச்சல் வந்தால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அயலவரின் ஓட்டோவில் 25 நிமிடம். அந்த அயலவர் இரவிலும் வருவாரா? கணவர் நேரே போய்க் கேட்டார். “எந்த நேரமெண்டாலும் தட்டுங்கோ அண்ணை” என்பது பதில். பிரெட்னிசொலோனால் மனைவிக்குச் சீனி ஏறியுள்ளது. இளவயது. வேறு பிள்ளை வேண்டாமென்று முடிவுசெய்துவிட்டனர்.

இந்தத் தாளோடு அவர்கள் வைத்தியரிடம் சென்றனர். அவரும் வாசித்துவிட்டு மேலும் சில சோதனைகளைச் செய்வித்தார். சத்திரசிகிச்சைக்கு உடன்படுவதென முடிவாயிற்று. தடுப்பூசிகள் போட்டாயிற்று. இதனை எழுதும்போது திகதிக்காகக் காத்திருக்கிறார்கள். அது பலிக்குமா என்பது எவருக்கும் தெரியாது. பலிக்காவிட்டால் மருந்துகள் பின்னும் இருக்கின்றன என்பதையும், அப்போதும் காய்ச்சல் எச்சரிக்கை நீங்காது என்பதையும் அறிந்தே முடிவெடுத்தனர். வேறொரு குடும்பத்தின் கணக்கு வேறு முடிவைத் தரலாம். அதுவும் சரியான முடிவே.

வைத்தியரிடம் கேளுங்கள்

1. எனக்கு ஐ.ரி.பி. தான் என்பது எவ்வாறு உறுதியானது?

2. இப்போதைய நிலையில் வைத்தியம் செய்யாமல் அவதானித்திருக்கலாமா? ஓராண்டு பொறுக்கலாமா?

3. இன்னும் பாவித்துப் பார்க்காத மருந்து எது? அது இங்கு இலவசமாகத் தொடர்ந்து கிடைக்குமா?

4. சத்திரசிகிச்சை சிறுதுளை முறையிலா? தடுப்பூசிகள் எங்கே, எப்போது?

5. பிள்ளை பெற எண்ணமுண்டு. எது பாதுகாப்பு?

6. எனக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியசாலைக்கு, எவ்வளவு நேரத்துக்குள்?

எந்த வழியாயினும்

சிறுதட்டுக் குறைவாயிருக்கும் காலத்தில் டிஸ்பிரின், புரூபன், டைக்கிளோபெனக் போன்ற நோமருந்துகளைத் தவிருங்கள். பனடோல் போதும். வீதியோர மருந்தகத்தில் ஊசி போடவேண்டாம். பனை, தென்னை ஏறுதல், கூரை வேய்தல் போன்ற விழக்கூடிய வேலைகளைப் பிறரிடம் விடுங்கள். மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றிப் போகவேண்டாம். கடும் தலையிடியும் வாந்தியும், தடுமாற்றம், தார்போன்ற கறுத்த மலம், சிறுநீரில் குருதி, வாயினுள் குருதிக் கொப்புளம், நில்லாத குருதிப்போக்கு ஆகிய எதுவும் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப்பற்றி வாசிக்கிறோம். கையிலிருந்ததெல்லாம் செலவழித்தும், வெட்கத்தால் கூட்டத்தின் பின்னே மறைந்தே வந்தவர். எம் குடியிருப்புகளிலும் மாதவிடாய்க் குருதிப்போக்கை வெட்கத்தால் மறைத்து, வெளிறி மெலிந்து, களை பிடுங்கிக்கொண்டிருக்கும் சகோதரிகள் உளர். குடும்ப நல உத்தியோகத்தரிடமாவது சொல்லுங்கள். ஒரு சிறு குருதிச் சோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

இறுதியாக, கிளினிக் கொப்பி, சோதனைத் துண்டுகள், தடுப்பூசி அட்டை அனைத்தையும் பிரதி எடுத்து, தண்ணீர் புகாத பையில், தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இன்னொரு பிரதியை உறவினர் ஒருவரிடம் கொடுங்கள். பிரயாணச் செலவு பெருந்தடையாயின் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையோ உங்கள் பங்குத்தந்தையையோ அணுகத் தயங்கவேண்டாம்.

அயலில் இந்நோயாளர் ஒருவர் இருந்தால், அவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாருடைய கதவைத் தட்டுவார் என்று இன்றே கேட்டு வையுங்கள். அந்தக் கதவு உங்களுடையதாக இருக்கட்டும்.